ஞாயிற்றுக்கிழமை வேனில் உன் அப்பா வரமாட்டார்

அன்புள்ள தம்பி,

நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். அது மட்டும் காரணமில்லை. நீ பேசும்போது உன்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள். பாதிப் பேச்சில், "அம்மா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், மாவட்டச் செயலாளரும் பக்கத்துலதான் இருக்காரு" என்று நீ சொன்னதும் எனக்கு வாய் அடைத்துப்போனது. வகுப்பில் அறுபது பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்த டீச்சர் நான். பெற்ற பிள்ளையிடம் பேச எனக்கு மைக்கும் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம். அதனால்தான் எழுதுகிறேன். படித்து முடித்ததும் உன்னோடு இருப்பவர்களிடமும் கொடு. பத்திரிகைக்காரர்கள் கேட்டால் அவர்களுக்கும் கொடு. நம் வீட்டுக்கு வந்த கடிதங்களை வாசலில் நின்றவர்களெல்லாம் படித்த பிறகுதான் நாம் படித்திருக்கிறோம். இது ஒன்றுக்கு மட்டும் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்கு வெள்ளை வேட்டி சட்டை போட்டுத் தயாராக வைக்கச் சொன்னாய். திறந்த வேனில் அவரை உன் பக்கத்தில் நிறுத்தி, ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமங்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுவேன் என்றாய். அவர் பேச வேண்டாம், கும்பிட்டால் போதும், தொண்டை கட்டியிருக்கிறது என்று மைக்கில் சொல்லிக்கொள்கிறோம் என்றாய். என் பதில், முடியாது. அவரை நான் அனுப்பமாட்டேன். காரணம் ஒன்று இருக்கிறது, அது உனக்குத் தெரியாது. நேரடியாக அதைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் உன் அப்பா எப்படி வேலை பார்த்தார் என்று தெரியாமல் அதைக் கேட்டால் உனக்கு முழுதாகப் புரியாது. நீ அவர் பிள்ளைதான். இருந்தாலும் அவரை நீ வீட்டில் பார்த்ததைவிடச் சுவரில் பார்த்ததுதான் அதிகம்.

நான் கல்யாணமாகி வந்தபோது அவர் ஒன்றியக் கவுன்சிலர். கத்தரியும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். ஊருக்குத் தெருவிளக்கு வேண்டுமென்றால் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார், விளக்கு எரியும்வரை எழுந்திருக்கமாட்டார், அதுதான் அவருக்குத் தெரிந்த அரசியல். முதல் முறை எம்.எல்.ஏ. சீட்டுக் கிடைத்தபோது கட்சிக்காரர்களே அவர் ஜெயிப்பார் என்று நினைக்கவில்லை. ஜெயித்தார். அதற்குப் பிறகு ஒரு தடவை தோற்றார், மற்றபடி ஐந்து முறை சட்டசபைக்குப் போனார். மந்திரி ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் ஆகப்போகிறார் என்று சொல்லி வாசலில் பட்டாசு வாங்கி வைப்பார்கள், பிறகு அதைத் தீபாவளிக்கு நீ வெடிப்பாய்.

சட்டசபையில் அவர் கேட்ட முதல் கேள்வி ஒரு ஓடைப் பாலத்தைப் பற்றியது. மழைக்காலத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பள்ளிக்கூடம் வருவார்கள். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அதையே கேட்டதால் சென்னையில் அவருக்குப் "பாலம்" என்று பட்டப்பெயர் விழுந்தது. கிண்டல் செய்தவர்களோடு சேர்ந்து இவரும் சிரிப்பார், அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கேட்பார். கடைசியில் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கல்வெட்டில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு, எழுத்து சின்னதாக இருக்கிறது என்று நான் சொன்னேன். "பாலம் பெருசா இருக்குல்ல, அது போதும்" என்றார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், தம்பி. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இனி வருவதில் குறைதான் அதிகம் இருக்கும்.

உனக்குப் பெயர் வைத்த கதையை ஊரே சிரித்துச் சொல்லும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த பைத்தியக்காரத்தனம் அது. கட்சித் தலைவர் திண்டுக்கல் வரும்போது அவர் கையால்தான் பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று உன் அப்பா சொன்னார், நானும் தலையாட்டினேன். தலைவர் வருவதாக இருந்த கூட்டம் தள்ளிப்போனது. அப்புறம் இன்னொன்று தள்ளிப்போனது. நீ தவழ்ந்தாய், நடந்தாய், பல் முளைத்து என் கையைக் கடித்தாய், பெயர் மட்டும் வரவில்லை. எல்லோரும் உன்னை அப்பு அப்பு என்றுதான் கூப்பிட்டோம். ஒருவழியாகத் தலைவர் வந்து, கூட்ட நெரிசலில் உன்னைத் தூக்கி, வெற்றிச்செல்வன் என்றார். நீ அவர் கண்ணாடியைப் பிடுங்கினாய். அடுத்த தேர்தலில் உன் அப்பா தோற்றார், அது வேறு விஷயம். அதே காலத்தில் உன் அப்பா தொகுதியில் எத்தனை பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருப்பார் என்று நினைக்கிறாய். கல்யாண வீடு, காதுகுத்து வீடு, டீக்கடை என்று எங்கே போனாலும் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவார்கள், யோசிக்காமல் ஒரு நல்ல பெயரைச் சொல்வார்.

நீ ஏழாம் வகுப்பில் மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டது நினைவிருக்கும். பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்தோம். உன் அப்பா வந்தார். வார்டில் நுழைந்ததும் முதல் கட்டிலில் இருந்தவர் எழுந்து கும்பிட்டார். அவரிடம் என்ன ஏதென்று விசாரித்தார். அடுத்த கட்டில், அதற்கடுத்த கட்டில் என்று ஒவ்வொருவராக விசாரித்து, நர்ஸிடம் இவருக்கு மாத்திரை கொடுத்தீர்களா அவருக்கு ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தார். நீ கடைசிக் கட்டில். உன்னிடம் வந்து சேர்வதற்குள் நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டார். நீ முழித்திருந்துகொண்டே கண்ணை மூடியிருந்தாய் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. உன் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். வெளியே வந்து டிரைவர் முருகேசன் வண்டியில் ஏறியபிறகு, வழியில் கும்பிட்டவர்களுக்குத் திரும்பக் கும்பிடக்கூட இல்லையாம். முருகேசன் அதைச் சொன்னது உனக்குத் தெரியவேண்டாம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்குத் தெரியட்டும்.

முருகேசனைச் சொன்னதால் மாலையைச் சொல்ல வேண்டும். அவர் நமக்கு டிரைவராக வந்த நாளிலிருந்து அவருக்குக் காலையில் முதல் வேலை பூ மார்க்கெட். இரண்டு மாலை வாங்குவார். ஒன்று கல்யாணம் காட்சிக்கு, ஒன்று துக்கத்துக்கு. யாருக்கு என்று வாங்கும்போது தெரியாது. பத்து மணிக்குள் தெரிந்துவிடும். இவ்வளவு பெரிய தொகுதியில் யாராவது ஒருவர் இறந்துதான் இருப்பார். கல்யாணத்துக்குப் போகமுடியாவிட்டால் ஆள் அனுப்புவார், துக்கத்துக்கு மட்டும் அவரே போகவேண்டும். ஐயா வரட்டும் என்று சொல்லி, எடுக்கவேண்டிய நேரம் தாண்டியும் காத்திருக்கிற வீடுகள் உண்டு. ஓட்டுக்காகத்தான் போகிறார் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் பேசினார்கள். தோற்ற ஐந்து வருஷமும் விடாமல் போனார், அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

துக்க வீட்டில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. இறந்தவரைப் படுக்கவைத்திருந்தாலும், சில வீட்டு வழக்கப்படி நாற்காலியில் உட்காரவைத்திருந்தாலும் அது மாறாது. மாலையைப் போடுவார், முகத்தைத் தொடுவார், கண்ணை மூடி நிற்பார், ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பிறகு நேராகப் பெற்றவளைத் தேடிப்போவார். இறந்தவர் வயசானவராக இருந்து தாய் இல்லையென்றால் கட்டினவளிடம் போவார். பெண்கள் நடுவில் தரையில் உட்கார்ந்துகொள்வார், ஒன்றும் பேசமாட்டார். பெற்றவளைப் பார்க்காமல் வந்தால் போன காரியம் முடியாது என்பது அவர் எண்ணம். அழவும் மாட்டார். ஒருநாள் கேட்டேன், எப்படி அழாமல் இருக்கிறீர்கள் என்று. "நானும் அழுதா அவுக யாரப் பாத்துத் தேறுவாக? அடுத்த வீட்டுக்கு வேற போகணும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் போய்க் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மழையானாலும் பனியானாலும் அப்படித்தான். துண்டோடு நான் போய் நிற்பேன். யோசித்துப் பார்த்தால், எங்கள் இரண்டு பேருக்கும் பேசக் கிடைத்த நேரம் அந்தக் குழாயடி நேரம்தான்.

இப்போது அவர் இருக்கும் நிலையைச் சொல்கிறேன். "மறதிதானேம்மா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான" என்று நீ சொல்கிறாய். சென்னையிலிருந்து மாதம் ஒரு நாள் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனவனுக்கு அப்படித்தான் தெரியும். வந்தவர்களைப் பார்த்ததும் அவர் சிரித்துக் கும்பிட்டு, "நல்லாருக்கீகளா, வீட்டுல எல்லாரும் சொகமா" என்று கேட்டுவிடுவார். ஒரு ஆயுசுப் பழக்கம் அது. அவருக்கு நம்மை அடையாளம் தெரிந்துவிட்டது என்று நாம் நம்பிவிடுவோம். உன்னையும் அப்படித்தான் கேட்டார். நீ சந்தோஷமாகப் போனாய். நீ போனபிறகு, "யாருத்தா அந்தத் தம்பி, நல்ல மரியாதையான பையனா இருக்கான்" என்று என்னிடம் கேட்டார். அதை உன்னிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். போனது திரும்பாது, இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்றார். பெயர்கள்தான் முதலில் போயின. வீதியில் போகிறவனைப் பார்த்து அவன் அப்பன் பெயரையும் கிணறு இருக்கிற இடத்தையும் சொன்ன மனிதர் அவர். போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் அந்தப் பாலத்தின் மேல் வண்டி போனது. நான் வேண்டுமென்றே நிறுத்தச் சொன்னேன். இறங்கிக் கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்தார். "நல்லாக் கெட்டியாக் கட்டிருக்காக. யாரோ மெனக்கெட்டுருக்கான்" என்றார். முருகேசன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனாலும் காலையில் எழுந்து குளித்து வெள்ளை உடுத்தி, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். மனு வாங்கும் நேரம் என்று உடம்புக்குத் தெரிகிறது. முன்பு வாசல் கொள்ளாது. டிரான்ஸ்பர் கேட்கிறவர்கள், பட்டா கேட்கிறவர்கள், நத்தத்திலிருந்து மாம்பழக் கூடையோடு வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் காப்பி போட்டு முடித்துவிட்டு நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். இப்போது யாரும் வருவதில்லை. ஒருநாள் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார்.

"வாத்தா. எந்த ஊரு? என்ன காரியமா வந்த?"

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து குறை சொல்லியிருக்கிறார்கள், நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"ஒரு கொறைங்கய்யா. எங்க வீட்டுக்காரரு வீட்டுலயே தங்கமாட்டேங்குறாரு. ஊருக்கெல்லாம் ஓடுறாரு. பிள்ளை மொகத்தப் பாக்குறதுக்கும் நேரமில்ல அவருக்கு" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. நிஜமாகவே வருத்தப்பட்டார். "குடிப்பாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அடிப்பாரா?" இல்லை என்றேன். "அப்ப நல்ல மனுசன்தான். சொன்னாக் கேட்டுக்குவான். பேரச் சொல்லுத்தா, நான் கூப்புட்டுப் பேசுறேன்" என்றார். நான் அவர் பெயரைச் சொன்னேன். எத்தனையோ படிவத்தில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன், கட்டிக்கொண்ட நாளிலிருந்து வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் யோசித்தார். "கேள்விப்பட்ட பேராத்தான் இருக்கு. ஒன் காரியத்த முடிச்சுத் தாரேன், கவலப்படாமப் போ" என்று சொல்லிக் காப்பியை என் பக்கமே நகர்த்திவைத்தார். வந்தவர்கள் குடிக்காமல் போகக்கூடாது அவருக்கு. குடித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

இனி, உனக்குத் தெரியாத விஷயம்.

போன வாரம் நாகல் நகரில் உன் அறிமுகக் கூட்டம். ஒரே ஒரு கூட்டம், பத்து நிமிஷம், உட்கார்ந்திருந்தால் போதும் என்று நீ கெஞ்சினாய். அவருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்து அனுப்பினேன். எனக்கு முழங்கால் வலி, நான் வரவில்லை. அங்கே நடந்ததை மருமகள் அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தேன். நீ மேடை நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். வந்தவர்களெல்லாம் மாலை போட்டுப் போட்டுக் கழுத்து மறைந்து, மோவாய்வரை பூவாக இருக்கிறது. கீழே மேளம் அடிக்கிறார்கள். கூட்டம் முண்டுகிறது. உன் அப்பாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடையில் ஏற்றி, கையில் ஒரு ரோஜா மாலையைக் கொடுக்கிறார்கள். அவர் உன்னைப் பார்க்கிறார். மாலையை உன்மேல் போடுகிறார். உன் கன்னத்தைத் தொடுகிறார். நீ நெகிழ்ந்துபோய்க் கண்ணை மூடிக்கொள்கிறாய். அவர் கைகூப்பிக் கண்மூடி நிற்கிறார். பிறகு உன் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மேடைக்குக் கீழே பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் இறங்கிப் போய், யாரையோ தேடுகிறார்.

கூட்டம் கைதட்டியது. தந்தையே மகனை வலம்வந்து ஆசி கொடுத்தார் என்று மைக்கில் ஒருவர் சொன்னார். அந்தப் போட்டோவைத்தான் போஸ்டராக அடித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் தெருமுனைவரை ஒட்டியிருக்கிறீர்கள். இதற்குள் உனக்கே விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றாலும் சொல்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வண்டி வந்து நின்றது. வாசல் பக்கம் ஆளைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தால், குழாயடியில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறார். முருகேசன் எவ்வளவோ சொல்லியும் உள்ளே வரமாட்டேன் என்றிருக்கிறார். நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"எங்க போயிட்டு வாரீக?" என்று கேட்டேன்.

"ஒரு எளவட்டப் பய, ஆத்தா. ஒக்கார வச்சிருந்தாக. மொகம் அப்படியே தூங்குற மாதிரி இருக்கு, சூடுகூட ஆறல. மால போட்டுட்டு வாரேன்" என்றார். தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே, "அவன் ஆத்தாளத்தான் காணோம். பொம்பளைக பக்கம் பூராத் தேடிட்டேன். எந்த மூலையில கெடந்து அழுகுறாளோ. நாளைக்கு நீயும் வா, ஒரு எட்டுப் போயி அவளப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

நான் என்ன சொல்வேன், தம்பி? அவள் இங்கேதான் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று சொல்வதா? உங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறான், அது ஓட்டுக் கேட்கும் கூட்டம் என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவர் நான் சொல்வது எதுவும் தன்னைப் பற்றியது என்று நினைக்கவில்லை. என்னை ஆறுதல்படுத்துகிறவர்போலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தலை துவட்டி உள்ளே கூட்டிவந்து சோறு போட்டேன். சாப்பிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அத்தனை துக்க வீட்டுக்குப் போய்வந்து ஒருநாளும் அழாத மனிதர், "சின்ன வயசுத்தா, பாவம்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவருடைய மகனுக்காகத்தான் அழுதார். அது மட்டும் அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் எல்லாம் மறந்துபோனது. எனக்கு மறக்கவில்லை. தெருமுனைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனால் அந்தப் போஸ்டர் நிற்கிறது. ஊருக்கு அது ஆசீர்வாதம். பெற்ற வயிற்றுக்கு அது என்னவாகத் தெரியும் என்று நீயே நினைத்துப் பார். நம் தெருவில் இருந்ததை நானும் முருகேசனும் கிழித்துவிட்டோம். மற்றதை நீ ஆள் விட்டு எடுத்துவிடு.

தேர்தலில் நிற்காதே என்று நான் சொல்லவில்லை. அது உன் விருப்பம், உனக்கு வேலை செய்யத் தெரியும், இந்தத் தொகுதிக்கு ஒரு நல்ல ஆள் தேவைதான். நில். உன் பெயரைச் சொல்லி, நீ செய்யப்போவதைச் சொல்லிக் கேள். அப்பா எங்கே என்று கேட்பார்கள். உடம்பு முடியவில்லை, ஞாபகம் போய்விட்டது என்று உண்மையைச் சொல். யாரும் உன்னைக் குறைவாக நினைக்கமாட்டார்கள். நம்மைவிட அவர்கள்தான் அவரை அதிகம் பார்த்தவர்கள், வருத்தப்பட அவர்களுக்கும் உரிமை உண்டு. தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொல்லி அவரைப் பொம்மையாக நிறுத்தினால், நாளைக்கு எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் யாராவது செத்துப்போனதாக நினைத்து அவர் மனசு உடையும். அவர் ஊருக்குச் செய்ததெல்லாம் போதும். ஜெயித்தால் ஊர்வலமும் வேண்டாம், வீட்டு வாசலில் மேளமும் வேண்டாம். ஜெயித்தபிறகு உன் மகள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா என்றால், எத்தனை பேர் வாசலில் நின்றாலும் போய் முன்வரிசையில் உட்கார். முடியாது என்று நாலு பேரிடம் சொல்லப் பழகிக்கொள். உன் அப்பாவுக்கு அது ஒன்று மட்டும் கடைசிவரை வரவில்லை, அதற்கான விலையை நீயும் நானும் கொடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்பாதே. நீ வா. கட்சிக்காரர் ஒருவரும் கூட வரவேண்டாம். கரைவேட்டி கட்டாமல், வெள்ளைச் சட்டை போடாமல், கழுத்தில் துண்டுகூட இல்லாமல், கலர் சட்டை போட்டுக்கொண்டு வா. எந்த ஊரப்பா என்று கேட்பார், பக்கத்து ஊர்தான் என்று சொல். மகன் என்று சொல்லி அவரைத் திணறவைக்காதே, சொன்னாலும் நிற்காது. கோழிக்குழம்பு வைக்கிறேன். அவருக்கு எதிரில் இலை போட்டு உட்கார். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கி, நன்றாகப் பிசைந்து, வழக்கம்போல விரலையெல்லாம் நக்கிச் சாப்பிடு. நீ சாப்பிடுவதை அவர் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா